அபின் கடையிலிருந்து நாக்கடி மாத்திரைக்கு

அபின் வகைப் போதையிலிருந்து ஒருவரை மீட்கும் சிகிச்சையில் இன்று மூன்று மருந்துகள் முதன்மையானவை: மெத்தடோன், புப்ரினார்ஃபின், நால்ட்ரெக்ஸோன். ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்க வேண்டிய தேவை அடிக்கடி வரும். ஒரு மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஊர் மாறிய இடத்தில் அது கிடைக்காமல் போகலாம், சிகிச்சையே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பழைய மருந்து உடலை விட்டு இறங்குவதற்குள் புதியது ஏறினால் ஒரு வகை ஆபத்து. இறங்கி வெகுநேரம் ஆகியும் புதியது வராவிட்டால் இன்னொரு வகை ஆபத்து. இந்த இடைவெளியை எப்படி அளப்பது என்பது மருத்துவத்துக்கு மிகத் தாமதமாகத்தான் பிடிபட்டது. அதற்கு முன் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு போதைக்கு மருந்தாக இன்னொரு போதை தரப்பட்டுவந்தது. அந்த வரலாற்றின் இந்தியப் பகுதி அரசின் அபின் கடையில் தொடங்குகிறது.

அபின் என்ற சொல் கிரேக்கத்தில் சாறு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அரபு வழியாக வந்தது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகிறது. குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைக்கும் கசகசா அதே காயின் விதைதான், ஆனால் போதை இருப்பது பாலில். சித்த மருத்துவத்தில் வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் அபின் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி கங்கைச் சமவெளியின் அபினைத் தன் தனியுரிமையாக்கிச் சீனச் சந்தைக்காக விற்றது. காஜிப்பூரில் 1820-இல் நிறுவப்பட்ட அபின் ஆலை இன்றும் மத்திய அரசின் பொறுப்பில் இயங்குகிறது. நாட்டுக்குள் விற்கும் அபினை 1857, 1878 ஆண்டுகளின் அபின் சட்டங்கள் உரிமக் கடைகளுக்குள் கொண்டுவந்தன. எடை தோலாக் கணக்கில், ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம். வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்று கடைக்காரர் கேட்பதில்லை. கையிருப்பு வரம்பைத் தாண்டினால்தான் குற்றம்.

இந்த வரலாறு ஒரே ஊரில் எப்படி இறங்கியது என்று பார்க்க முருகன் கோயில் ஊரான திருத்தணியை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அது வட ஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த ஊராக இருந்தது. சித்தூர் மாவட்டம் 1911-இல் பிரிந்தபோது அதோடு போனது. ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரித்தது. எனவே முருகன் மலையடிவாரத்தில் கள்ளுக்கடை மூடியது தமிழகத்தின் பல ஊர்களுக்கு முன்பே. அபினைப் பொறுத்தவரை சென்னை மாகாணத்தின் கவலை பெரும்பாலும் வடக்கே, கோதாவரிப் பக்கத்தில்தான் இருந்தது. காய்ச்சல் மலிந்த அந்த மலைக்காட்டுப் பகுதியில் அபின் தின்றால் காய்ச்சல் அண்டாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. பிரஸ்ஸி பிரபு தலைமையிலான அரச ஆணையம் 1893 முதல் 1895 வரை இந்தியாவின் அபின் பழக்கத்தை ஆராய்ந்தது. அளவோடு உண்பவருக்குப் பெரிய தீங்கில்லை என்பது அதன் முடிவு. கருவூலத்துக்கு வசதியான முடிவு என்று அன்றே பலர் குறை சொன்னார்கள்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், முதல் உலகப் போரை அடுத்து உருவான சர்வதேச சங்கம் வேறு கணக்கைக் கொண்டுவந்தது. மருத்துவத் தேவைக்குப் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6 சேர் அபின் போதும் என்றது. மாகாணங்கள் தங்கள் புள்ளிகளை அந்த 6 சேரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் கோதாவரிப் பகுதி அந்த அளவை வெகுவாகத் தாண்டியிருந்தது.

விட நினைப்பவருக்கு அப்போது என்ன இருந்தது? இங்கேதான் மாற்று மருந்தின் கதை தொடங்குகிறது. அதன் தொடக்கம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல. ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார். வலிக்கு அது வரப்பிரசாதம். சீனாவில் மிஷனரிகள் கொடுத்த அபின் ஒழிப்பு மாத்திரைகளிலும் மார்ஃபின் இருந்ததால் மக்கள் அதற்கு ‘இயேசு அபின்’ என்று பெயரிட்டார்கள். மார்ஃபின் பழக்கத்துக்குக் கோக்கெய்ன் நல்ல மருந்து என்று 1884-இல் பரிந்துரைத்தவர் சிக்மண்ட் ஃபிராய்டு. அவர் சொல்லைக் கேட்ட நண்பர் ஃபிளைஷ்ல்-மார்க்ஸோவ் இரண்டு போதைக்கும் அடிமையானார். லண்டனில் 1874-இல் ஆல்டர் ரைட் மார்ஃபினிலிருந்து உருவாக்கிய பொருளை பேயர் நிறுவனம் 1898-இல் ‘ஹெராயின்’ என்ற பெயரில் இருமல் மருந்தாக விற்றது. பழக்கப்படுத்தாத மருந்து என்ற நம்பிக்கையோடு அது மார்ஃபின் அடிமைகளுக்கும் தரப்பட்டது. மூன்று முறையும் நடந்தது ஒரே தவறு: புதிய பொருள் பழைய பொருளின் துன்பத்தைத் தணித்தது, தணித்ததையே குணமென்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் அபின் பழக்கத்தை முறையாக ஆராய்ந்தவர் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் கர்னல் ஆர். என். சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படுபவர். அபின் உண்பவர்களை அவர் நூற்றுக்கணக்கில் நேரில் கண்டு, எவ்வளவு உண்கிறார்கள், ஏன் தொடங்கினார்கள், எப்படி விட்டார்கள் என்று பதிவு செய்தார். சீனாவில் முயன்று பார்த்த லெசித்தின் சிகிச்சையைக் குளுக்கோஸோடு சேர்த்து இங்கும் முயன்றார். லெசித்தின் பின்னாளில் மறக்கப்பட்டது. ஆனால் அபினைச் சட்டென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்ற கேள்வியை இந்திய மருத்துவத்தில் நிலைநிறுத்தியதில் அவருக்குப் பங்குண்டு.

விடுதலைக்குப் பின் அரசு அந்தக் கேள்விக்கு நாடு முழுவதற்குமாக ஒரு விடை சொன்னது. 1949-இல் கூடிய அனைத்திந்திய அபின் மாநாடு, மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட அபின் விற்பனையைப் பத்தாண்டுகளில் ஒழிப்பது என்று முடிவெடுத்தது. மாநிலங்களுக்குத் தரும் அபினை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைப்பது திட்டம். காலக்கெடு 1959 மார்ச் 31. அதற்குப் பின் மருத்துவச் சான்றோடு பட்டியலில் பதிவான முதிய பழக்கக்காரர்களுக்கு மட்டும் அளந்த அபின் கிடைத்தது. அபின் கடை மூடிய அந்த நாளில் திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, எல்லைத் தகராறின் நடுவர் படாஸ்கரின் பரிந்துரை வழியில், ஓராண்டு கழித்து 1960 ஏப்ரல் 1-இல் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கு இருபுறமும் அபின் சட்டம் ஒன்றுதான் என்பதால் இந்தப் பொருளில் மட்டும் ஊருக்கு மாற்றமேதும் இல்லை.

ஒரு நாட்டையே பத்தாண்டுப் படியிறக்கத்தில் கொண்டுவந்த இத்திட்டத்தைப் பெரிய அளவிலான அளவுக் குறைப்புச் சிகிச்சை என்றே சொல்லலாம். ஆனால் கடைக்கு வரும் சரக்கு குறைந்ததே தவிர, உண்பவரின் உடலை யாரும் கவனிக்கவில்லை. மருத்துவர் கையில் இருக்க வேண்டிய அளவுகோல் கலால் துறையின் கையில் இருந்தது.

உடலை அளந்து மருந்தை மாற்றும் முறை அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டனில் 1935-இல் திறந்த போதை அடிமைகளுக்கான அரசு மருத்துவமனையில் உருவானது. அங்கே வந்து சேர்ந்த புதுப் பொருள் மெத்தடோன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய முழுச் செயற்கை வலிநிவாரணி அது, கசகசாச் செடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. போருக்குப் பின் நேச நாடுகளின் கைக்கு வந்த அதை 1940-களின் இறுதியில் இஸ்பெல், வோகல் முதலிய லெக்ஸிங்டன் மருத்துவர்கள் மார்ஃபினுக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 4 மில்லிகிராம் மார்ஃபினுக்கு 1 மில்லிகிராம் மெத்தடோன் என்பது அவர்களுடைய மாற்றுக் கணக்கு. பிறகு மெத்தடோனை நாளுக்கு நாள் குறைத்தால், போதை நிற்கும்போது உடலில் எழும் விலகல் துன்பம் தாங்கக்கூடியதாக இருந்தது.

அந்தக் கணக்கு மார்ஃபின் அளவு சிறிதாக இருக்கும்வரை சரி. மார்ஃபின் அளவு பெருகப் பெருக விகிதம் மாறுகிறது. பெரிய அளவில் மார்ஃபின் எடுப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு மெத்தடோன்கூட மிகையாகலாம். இன்னொரு சிக்கல், மார்ஃபின் சில மணி நேரத்தில் வெளியேறும்போது மெத்தடோன் ஒரு நாளுக்கு மேல் தங்குகிறது. இன்று கொடுத்ததன் மீதி நாளை கொடுப்பதோடு சேரும். முதல் நாள் தெளிவாக நடமாடியவர் நான்காம் நாள் இரவு மூச்சு அடங்கி இறந்துபோன நிகழ்வுகளுக்கு இந்தச் சேர்மானமே காரணம். தொடக்க அளவு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சில நாளுக்கு ஒருமுறைதான் கூட்ட வேண்டும் என்ற விதிகள் அந்த இறப்புகளிலிருந்து பிறந்தவை. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களும், நிறுத்திய பிறகான சில வாரங்களும்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை என்று பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1960-களின் நடுவில் மெத்தடோனைக் குறைக்காமலே தொடர்ந்து கொடுத்தார்கள். நோயாளிகள் வேலைக்குப் போனார்கள், குடும்பத்தோடு சேர்ந்தார்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போல இதுவும் நீண்டநாள் மருந்து என்ற கருத்து அங்கிருந்து பரவியது. அது மருத்துவமா, அரசு அனுமதித்த போதையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 

புப்ரினார்ஃபின் வந்தபோது மாற்றும் கலை இன்னும் நுட்பமாயிற்று. இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் லூயிஸ் குழு 1966-இல் அபினின் தீபெய்ன் என்ற பொருளிலிருந்து அதை உருவாக்கியது. அடிமைச் சிகிச்சைக்கு அது உதவும் என்று 1978-இல் எழுதியவர்களும் லெக்ஸிங்டன் ஆய்வாளர்களே. இதன் செயலைப் புரிந்துகொள்ள ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிப் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளலாம். மூளையின் ஓபியாய்டு ஏற்பிகள் பேருந்தின் இருக்கைகள். ஹெராயினும் மெத்தடோனும் உட்கார்ந்து முழு வேலை பார்க்கும் பயணிகள். நால்ட்ரெக்ஸோனும் அதன் உறவான நாலாக்ஸோனும் துண்டைப் போட்டு இடத்தைப் பிடிப்பவர்கள், வேலை எதுவும் பார்ப்பதில்லை, பிறரை உட்காரவும் விடுவதில்லை. புப்ரினார்ஃபின் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும், ஆனால் அரை வேலைதான் பார்க்கும். இந்த அரை வேலையால் அளவு மிஞ்சினாலும் மூச்சு எளிதில் அடங்குவதில்லை, அதுவே அதன் பெரும் பாதுகாப்பு. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஆபத்தும் அதே குணத்தில்தான் இருக்கிறது. ஹெராயின் இருக்கைகளில் நிறைந்திருக்கும்போது புப்ரினார்ஃபினைக் கொடுத்தால், முழு வேலை சட்டென்று அரை வேலையாகிறது. மெதுவாக வர வேண்டிய விலகல் துன்பம் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாக வருகிறது: வாந்தி, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிதல், உடல் முறிவது போன்ற வலி, பதற்றம். மருத்துவர்கள் இதைத் தூண்டப்பட்ட விலகல் என்கிறார்கள். மாத்திரையே விஷம் என்று நம்பிப் பலர் சிகிச்சையை விட்டு ஓடுவது இங்கேதான். ஆகவே விதி: ஹெராயின் போன்ற குறுகிய நேரப் பொருளை விட்டு ஏறத்தாழ 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்மணி போன்ற விலகல் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. மெத்தடோனிலிருந்து மாற்றுவது இன்னும் கடினம். முதலில் அதை நாளுக்கு 30 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்து, கடைசி வேளைக்குப் பின் ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். எதிர்த்திசை எளிது: புப்ரினார்ஃபினை நிறுத்திய மறுநாளே மெத்தடோனைச் சிறிய அளவில் தொடங்கலாம். நால்ட்ரெக்ஸோனுக்குப் போவதென்றால் ஹெராயினை விட்டு 7 முதல் 10 நாள் வெறும் உடலாக இருக்க வேண்டும், மெத்தடோனுக்கும் புப்ரினார்ஃபினுக்கும் இன்னும் கூடுதல். அந்த வெறும் நாட்களில் குளோனிடின் போன்ற இரத்த அழுத்த மருந்து சில அறிகுறிகளைத் தணிக்கும் என்பதை 1978-இல் கண்டுபிடித்தார்கள். காத்திருப்பே பலரைத் தோற்கடிப்பதால், பழையதை நிறுத்தாமலே புப்ரினார்ஃபினை மிகச் சிறு துணுக்குகளாகக் கூட்டிக்கொண்டு போகும் முறையை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். நிறைந்த பேருந்தில் ஒவ்வொருவராக எழுப்புவது போன்றது அது.

சென்னைக்கு இந்த அறிவு வந்த வழி நேரானதல்ல. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு எல்லை வழியாக வந்த ‘பிரவுன் சுகர்’ எனும் மலிவு ஹெராயின் பெருநகரங்களில் பரவியது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அபினையும் ஹெராயினையும் ஒரே தண்டனைக்குள் வைத்தபோது, பருமனான பழைய பொருளைவிடப் பொட்டலமாக மறைக்கத்தக்க புதிய பொருளே விற்பவருக்கு வசதியாயிற்று. மதுவுக்கும் போதைக்கும் சிகிச்சை தர டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கியிருந்தார். அக்காலச் சிகிச்சை பொதுவாக முற்றிலும் நிறுத்துவதையே இலக்காகக் கொண்டது.

இதற்கிடையில் புப்ரினார்ஃபின் இந்தியாவில் வலிநிவாரண ஊசியாகச் சந்தைக்கு வந்திருந்தது. ஹெராயின் விலை ஏறி, கிடைப்பதும் அரிதானபோது, சென்னை உட்படப் பல நகரங்களில் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் மருந்துக் கடையின் அந்த ஊசிக்குத் தாங்களாகவே மாறினார்கள். மருத்துவர் இல்லாமல் நடந்த மருந்து மாற்றம் இது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்த அதே நகரத்தில், ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள். வடகிழக்கில் இதே பங்கை டெக்ஸ்ட்ரோபுரொப்பாக்ஸிபீன் எனும் வலி மாத்திரை வகித்தது. விலகலைத் தணிக்க மருத்துவர்கள் தந்துவந்த அந்தப் பொருளைக் கேப்ஸ்யூலிலிருந்து கொட்டிக் கரைத்து ஊசியாகப் போட்டுக் கைகால் புண்ணாகி உறுப்பிழந்தவர்கள் பலர். 2013-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

ஊசியாகத் தீங்கு செய்த அதே புப்ரினார்ஃபின், நாக்கடியில் வைக்கும் மாத்திரையாக மருந்தாயிற்று. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 1990-களில் அதைச் சிறு அளவில் தொடங்கியது. மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடத் தயங்கும்படி நாலாக்ஸோன் சேர்த்த வடிவம் பின்னர் வந்தது. நாக்கடியில் வைத்தால் நாலாக்ஸோன் ஏறத்தாழ ஒன்றும் செய்யாது, ஊசியில் ஏற்றினால் விலகலைக் கிளப்பும். உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்றாம் கட்டத் திட்டத்தில், 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாற்று மருந்துச் சிகிச்சையை அரசுத் திட்டமாக்கியது. பணியாளர் கண்முன்னே மாத்திரை கரையும்வரை நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அதன் தொடக்க கால நடைமுறை. மெத்தடோன் 2010-களின் தொடக்கத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது, அதுவும் மிகச் சில மையங்களில். 2015-இல் இன்றியமையாத போதை மருந்துகள் பட்டியலில் மெத்தடோன் இடம்பெற்றதால் மாநிலந்தோறும் தனித்தனி உரிமம் தேடும் தொல்லை குறைந்தது.

சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, உதவி தேவைப்படும் அளவுக்கு அபின் வகைப் பொருள் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 77 லட்சம் என்று மதிப்பிட்டது. பட்டியலில் ஹெராயின் முதலிடம், மருந்துக் கடை மாத்திரைகள் அடுத்து, அரசு ஒரு காலத்தில் விற்ற அபின் மூன்றாமிடம். டிரமடால் எனும் வலி மாத்திரை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த பிறகு, தமிழ்நாட்டுக் காவல் வழக்குகளில் டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையின் பெயர் அடிக்கடி வரத் தொடங்கியது. அதையும் கரைத்து ஊசியாகப் போடுகிறார்கள். ஒன்றை அடைத்தால் அடுத்தது திறப்பதற்கு இது புதிய எடுத்துக்காட்டு மட்டுமே.

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. சென்னையின் மனநல மருத்துவமனைகள் ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. மெத்தடோன் மையங்கள் நாட்டிலேயே மிகச் சில என்பதால், இப்பகுதியில் பாதுகாப்பான மருந்து மாற்றம் என்பது பெரும்பாலும் ஹெராயினிலிருந்தோ வலி மாத்திரையிலிருந்தோ புப்ரினார்ஃபினுக்கு வருவதையே குறிக்கும். கடைசியாக எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதே அதில் நோயாளியின் பங்கு. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண் 14446.